சில்லறையைக் கையால் படிப்பது

என் மாமனார் முப்பத்தொரு ஆண்டு பேருந்து நடத்துநராக வேலை பார்த்தவர். ஓடும் வண்டியில், நெரிசலில், உள்விளக்கு எரியாத இரவில் தோல்பைக்குள் கைவிட்டால் வேண்டிய காசு விரலோடு வரும். ஐந்து பைசா சதுரம், இருபது பைசா அறுகோணம், பத்து பைசாவுக்குப் பூப்போல நெளிந்த விளிம்பு, பார்க்கவே வேண்டியதில்லை என்பார். அவர் நியூஜெர்ஸியில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனோம். பணம் கட்டும் இடத்தில் கைநிறையச் சில்லறையை ஏந்தி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை அவர் கைக்குள்ளேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அன்பாகத்தான் செய்தாள், ஒரு காசு கூடுதலாக எடுக்கவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை மாமா வாய் திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "ஊருக்கே சில்லறை கொடுத்த கைம்மா இது."

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் பலர் சில்லறை விஷயத்தில் இப்படித்தான் தவிக்கிறார்கள். சிலர் நோட்டாகவே நீட்டி, மீதிக் காசை எண்ணாமல் பைக்குள் போட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு டப்பா நிறைய நாணயத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேறு சிலர் கடைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். "கார்டு இருக்கே, சில்லறை எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகளுக்குக் கார்டு போதும். பெற்றோர் கையில் பெரும்பாலும் இருப்பது மகனோ மகளோ கொடுத்த இருபது டாலர் நோட்டு. அதை மாற்றிய நொடியிலிருந்து சில்லறையோடுதான் புழங்க வேண்டும்.

நான்கே நான்கு நாணயங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

எதனால் குழம்புகிறோம்

நம் ஊர் நாணயத்தில் எண் இருக்கும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று பெரிதாகப் பொறித்திருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்துவிடுவார். அமெரிக்காவில் தினமும் கைமாறும் நான்கு நாணயங்களிலும் மதிப்பு எண்ணால் இல்லை. ஆங்கிலச் சொல்லால் மட்டுமே, அதுவும் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. ஒரு சென்ட் நாணயத்தில் 'ஒன் சென்ட்', ஐந்து சென்ட்டில் 'ஃபைவ் சென்ட்ஸ்', இருபத்தைந்து சென்ட்டில் 'குவார்ட்டர் டாலர்'. பத்து சென்ட் நாணயம் இன்னும் மோசம். அதில் 'ஒன் டைம்' என்று மட்டுமே இருக்கும், பத்து என்ற சொல்லே கிடையாது. ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்கும், டைம் என்றால் பத்து சென்ட் என்று யாரேனும் சொல்லியிருந்தால்தான் புரியும். நாணயத்தில் தெளிவாகத் தெரியும் எண் பெரும்பாலும் அச்சிட்ட ஆண்டுதான். புதிதாக வந்தவர் 2010 என்பதைப் பார்த்துவிட்டுப் பத்து என்று எண்ணிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நமக்கு இந்த வழக்கம் முற்றிலும் அந்நியமும் அல்ல. 1957இல் நம் நாட்டில் நூறு பைசா ஒரு ரூபாய் என்று வந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும், ஐம்பது பைசாவை எட்டணா என்றும்தான் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தோம். அன்று வெளியூர்க்காரர் ஒருவர் அந்த நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'நாலு' எங்கே என்று தேடியிருந்தால் கிடைத்திருக்காது. டைமும் குவார்ட்டரும் இவர்களுடைய நாலணா, எட்டணா. பெயரை முதலில் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சென்ட்டைப் 'பென்னி' என்பார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் சென்ட்தான். பென்னி என்பது பிரிட்டிஷ்காரர் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பேச்சு வழக்கு. ஐந்து சென்ட் 'நிக்கல்'. நிக்கல் உலோகம் சேர்ந்திருப்பதால் அந்தப் பெயர், ஆனால் அதில் முக்கால்வாசி தாமிரம். பத்து சென்ட் 'டைம்'. பத்தில் ஒரு பங்கு என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து இப்படி ஆயிற்று. நம் காதுக்கு இது மணி கேட்பது போலத் தோன்றும், எனவே கடையில் யாராவது 'டைம் இருக்கிறதா' என்கிற தோரணையில் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் கையிலுள்ள சில்லறையைப் பாருங்கள். இருபத்தைந்து சென்ட் 'குவார்ட்டர்', கால் டாலர். கால் ரூபாய் என்று பேசிப் பழகிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த குழப்பம் அளவு. இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். டைம் பத்து சென்ட், ஆனால் நான்கிலும் அதுதான் மிகச் சிறியது. ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சிறியது, ஒரு சென்ட் பென்னியைவிடவும் சிறியது. டைமின் குறுக்களவு 17.91 மில்லிமீட்டர், பென்னி 19.05, நிக்கல் 21.21, குவார்ட்டர் 24.26. மேசைமேல் நான்கையும் அளவு வாரியாக அடுக்கினால் 10, 1, 5, 25 என்று வரிசை வரும். மாமா இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அஞ்சைவிடப் பத்து சின்னதா இருக்கே, இது என்ன கணக்கு?" என்றார்.

கணக்கு உண்டு. வெள்ளிக் கணக்கு. 1964 வரை அச்சிட்ட டைமும் குவார்ட்டரும் அரை டாலரும் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நாணயத்தின் மதிப்பு எவ்வளவோ அந்த விகிதத்தில் எடை இருந்தாக வேண்டும். டைம் இரண்டரை கிராம், குவார்ட்டர் ஆறே கால் கிராம், அரை டாலர் பன்னிரண்டரை கிராம். பத்து சென்ட்டுக்கு உரிய வெள்ளி அவ்வளவுதான், அதனால் நாணயமும் சிறியது. ஐந்து சென்ட்டுக்கும் ஒரு காலத்தில் வெள்ளி நாணயம் இருந்தது. 'அரை டைம்' என்று பெயர், டைமைவிடவும் பொடிசு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிடவே, மலிவான உலோகத்தில் 1866இல் புதிய ஐந்து சென்ட் நாணயம் வந்தது. வெள்ளி இல்லாததால் அதைக் கைக்கு வாகான பெரிய அளவில் அடித்தார்கள். 1873இல் வெள்ளி அரை டைம் நின்றுபோய் நிக்கல் மட்டும் மிஞ்சியது. 1965இல் சட்டம் மாறி டைமிலிருந்தும் குவார்ட்டரிலிருந்தும் வெள்ளி வெளியேறிய பிறகும் அளவுகளை மாற்றவில்லை. வெள்ளி போய் அறுபது ஆண்டாகிறது, அளவு அப்படியே நிற்கிறது.

இதை விளக்கியதும் மாமாவின் முகம் தெளிந்தது. காரணம் தெரிந்துவிட்டால் விதிவிலக்கு மனத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் இதை இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முகத்தை நம்ப வேண்டாம்

பல வழிகாட்டிகள் நாணயத்தில் இருக்கும் தலைவரின் முகத்தை வைத்து அடையாளம் காணச் சொல்கின்றன. பென்னியில் ஆபிரகாம் லிங்கன், 1909 முதல் இருக்கிறார். நிக்கலில் தாமஸ் ஜெஃபர்சன், 1938 முதல். டைமில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1946 முதல். குவார்ட்டரில் ஜார்ஜ் வாஷிங்டன், 1932 முதல். தெரிந்துகொள்வதில் தவறில்லை, பேரப்பிள்ளைகளோடு பேச நல்ல விஷயம். ரூஸ்வெல்ட்டின் கதையை மட்டுமாவது அவர்களுக்குச் சொல்லுங்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்தவர் அவர். அந்த நோயை எதிர்க்கத் தொடங்கிய அமைப்புக்காக மக்கள் ஆளுக்கொரு டைமை வெள்ளை மாளிகைக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அவர் 1945இல் இறந்ததும், மறு ஆண்டு அவருடைய பிறந்த நாளான ஜனவரி 30 அன்று அவர் முகம் பொறித்த டைம் வெளிவந்தது.

ஆனால் கடையில், பின்னால் நான்கு பேர் நிற்கும்போது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இது ஜெஃபர்சனா வாஷிங்டனா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இருவருக்கும் பின்னால் கட்டிய அதே நீள முடி. அதோடு முகம் நிலையாகவும் இல்லை. இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஜெஃபர்சன் 2006 முதல் நேரே நம்மைப் பார்க்கிறார். வாஷிங்டன் 2022 முதல் 2025 வரை அச்சான குவார்ட்டர்களில் வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். நாடு விடுதலை அறிவித்த 250ஆம் ஆண்டை ஒட்டி 2026இல் அச்சாகும் டைமில் ரூஸ்வெல்ட்டே இல்லை. விடுதலையை உருவகப்படுத்தும் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது.

பூப்பக்கத்தைக் கேட்கவே வேண்டாம். குவார்ட்டரின் பின்புறம் 1998 வரை பெரும்பாலும் ஒரு கழுகுதான். 1999இல் மாநிலத்துக்கு ஒரு படம் என்று தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஐந்து மாநிலம், அவை ஒன்றியத்தில் சேர்ந்த வரிசைப்படி டெலவேரில் ஆரம்பித்து 2008இல் ஹவாயில் முடித்தார்கள். பிறகு தலைநகர்ப் பகுதியும் தீவுப் பகுதிகளும், பிறகு 2010 முதல் தேசியப் பூங்காக்களும் வரலாற்றிடங்களும், 2022 முதல் நான்கு ஆண்டு சாதனைப் பெண்கள். அந்தப் பெண்கள் வரிசையில் முதலில் வந்தவர் எழுத்தாளர் மாயா ஆஞ்சலு. 1999 முதல் 2025 வரை மட்டுமே நூற்று முப்பதுக்கு மேற்பட்ட பூப்பக்கங்கள். மரம், குதிரை, மலை, படகு, விண்வெளி வீராங்கனை என்று எது இருந்தாலும் அது குவார்ட்டர்தான், மதிப்பு இருபத்தைந்து சென்ட்தான். படம் வேறு என்பதால் கள்ளக்காசோ என்று சந்தேகப்படாதீர்கள். நம் ஊரில் பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்ததால் அது செல்லாது என்று வதந்தி கிளம்பி, பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது நினைவிருக்கும். இங்கே அப்படி யாரும் மறுப்பதில்லை.

பென்னியும் அப்படித்தான். பின்பக்கத்தில் கோதுமைக் கதிர் இருந்தால் 1958 அல்லது அதற்கு முந்தையது, தூண்கள் வைத்த நினைவு மண்டபம் இருந்தால் 1959 முதல் 2008 வரை, கேடயம் இருந்தால் 2010 முதல்.

நகமும் விரலும்

எனவே கண்ணை விட்டுவிட்டு, மாமா பேருந்தில் செய்ததையே செய்யலாம். அமெரிக்க நாணயங்கள் எல்லாம் வட்டம்தான், சதுரமோ அறுகோணமோ கிடையாது. வடிவம் உதவாத இடத்தில் விளிம்பு உதவுகிறது.

ஒரு நாணயத்தை எடுத்து அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பாக வழுக்கிப் போனால் அது பென்னி அல்லது நிக்கல். நகம் கரகரவென்று தட்டினால் டைம் அல்லது குவார்ட்டர். அவ்வளவுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, சின்னதா பெரியதா. வழுவழுப்பில் சின்னது பென்னி, பெரியது நிக்கல். கரகரப்பில் சின்னது டைம், பெரியது குவார்ட்டர். இரண்டே கேள்வியில் நான்கு நாணயமும் பிரிந்துவிடும். இருட்டிலும் பிரியும், கோட்டுப் பைக்குள்ளேயும் பிரியும், கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் பிரியும்.

நகத்தில் கரகரவென்று தட்டும் இந்த விளிம்பு வரிகளுக்கும் காரணம் வெள்ளிதான். பொன், வெள்ளி நாணயங்களின் ஓரத்தை யாரும் தெரியாமல் சுரண்டி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக விளிம்பில் வரி போட்டார்கள். சுரண்டினால் வரி அழிந்து திருட்டு தெரிந்துவிடும். பென்னியையும் நிக்கலையும் சுரண்டி யாருக்கும் லாபமில்லை, ஆகவே அவற்றுக்கு வரி தேவைப்படவில்லை. விளிம்பில் வரி இருந்தால் மதிப்பு அதிகம், இல்லையென்றால் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். டைமில் 118 வரிகள், குவார்ட்டரில் 119.

கண்ணால் பார்ப்பதானால் இன்னும் இரண்டு உதவிகள். பென்னி மட்டுமே செம்பு நிறம். மற்ற மூன்றும் வெள்ளை. டைமையும் குவார்ட்டரையும் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு செந்நிறக் கோடு தெரியும். உள்ளே தாமிரம், இருபுறமும் நிக்கல் கலந்த தகடு. நிக்கலில் அந்தக் கோடு கிடையாது, முழுக்க ஒரே கலவை. தடிமனும் அதற்குத்தான் அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். பழைய டைம் அல்லது குவார்ட்டர் ஒன்றில் செந்நிறக் கோடு இல்லாமல் விளிம்பும் வெள்ளையாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1964 அல்லது அதற்கு முந்தையதாக இருந்தால் அது வெள்ளி, பொறித்த மதிப்பைவிடப் பல மடங்கு பெறும். அதைச் செலவழிக்காதீர்கள்.

சாயங்காலப் பயிற்சி

மகளிடமோ மருமகனிடமோ சொல்லி, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்து நாணயம் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு டாலர் ஐந்து சென்ட்தான் ஆகும். ஊரிலிருந்து கொண்டுவந்த சுருக்குப்பை இருந்தால் அதில் போடுங்கள். என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்க்காமலே, வாயை இரண்டு விரல் அளவு தளர்த்தி, பேசிக்கொண்டே சரியான காசை எடுப்பார். அந்தப் பழக்கத்தைத்தான் மறுபடி கொண்டுவரப் போகிறோம்.

முதலில் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டி, கண்ணால் பார்த்து நான்கு குவியலாகப் பிரியுங்கள். பிறகு பைக்குள் போட்டுவிட்டு, குவார்ட்டரை மட்டும் பார்க்காமல் எடுங்கள். அது சுலபம், பெரியதும் கரகரப்பானதும் அது ஒன்றுதான். அடுத்து நிக்கல், தடிமன் காட்டிக்கொடுக்கும். கடைசியாக டைமையும் பென்னியையும் பிரியுங்கள். இங்கேதான் விரல் திணறும், இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நகத்தைப் பயன்படுத்துங்கள். டைம் மெலிசு, வரி உள்ளது. பென்னி சற்றே கனம், வழுவழுப்பு. பத்துமுறை எடுத்தால் ஒன்பதுமுறை சரியாக வரும்வரை தொடருங்கள். மாமா இரண்டாம் நாளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பேரப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே தொடக்கப் பள்ளியில் அவர்களுக்கும் நாணயப் பாடம் உண்டு. தாத்தாவும் பேத்தியும் ஒரே பாடத்தை ஒரே மேசையில் படிப்பது எங்கள் வீட்டில் அந்தக் கோடையின் இனிமையான பொழுதாக இருந்தது.

எண்ணும்போது பெரியதிலிருந்து தொடங்குங்கள். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து என்று குவார்ட்டரை எண்ணி, பிறகு பத்து பத்தாக டைம், பிறகு நிக்கல், கடைசியில் பென்னி. நான்கு குவார்ட்டர் ஒரு டாலர், பத்து டைம் ஒரு டாலர், இருபது நிக்கல் ஒரு டாலர்.

கடையில்

விலைச்சீட்டில் இருக்கும் தொகை நீங்கள் கொடுக்கப்போகும் தொகை அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரியைப் பணம் கட்டும்போதுதான் சேர்ப்பார்கள். சில்லறை இவ்வளவு புழங்குவதற்கு அதுவே பெரிய காரணம். நியூஜெர்ஸியில் வரி 6.625 விழுக்காடு. ஐந்து டாலர் என்று எழுதிய ஒரு பீங்கான் கிண்ணம் எடுத்தால் 5.33 கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று நினைக்க வேண்டாம், ரசீதில் வரி தனியே இருக்கும். பால், அரிசி, காய்கறி போன்றவற்றுக்கு இந்த மாநிலத்தில் வரி இல்லை, துணிக்கும் இல்லை. ஆரெகன், நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் மாநில விற்பனை வரியே கிடையாது. பிள்ளை எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே என்ன வழக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிண்ணத்துக்கு ஆறு டாலர் கொடுத்தால் மீதி 67 சென்ட் வர வேண்டும். இரண்டு குவார்ட்டர், ஒரு டைம், ஒரு நிக்கல், இரண்டு பென்னி. கையில் விழுந்ததும் விரலால் தடவிப் பாருங்கள்: கரகரப்பில் மூன்று, வழுவழுப்பில் மூன்று. எண்ணிப் பார்ப்பதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. ஓர் அடி நகர்ந்து நின்று எண்ணுங்கள், குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

இப்போது இதில் ஒரு மாற்றம். பென்னி அடிப்பதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அடித்தார்கள். ஒரு சென்ட் நாணயத்தை உண்டாக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவானதுதான் காரணம். 1793இல் தொடங்கிய நாணயம் அது. ஏற்கெனவே வெளியே இருக்கும் பென்னிகள் செல்லும், யாரும் அவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடைகளில் தட்டுப்பாடு வந்துவிட்டது. சில கடைகளில் ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்குத் தொகையைப் பக்கத்து ஐந்து சென்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்ட கடையில் 5.33 என்பது 5.35 ஆகும், மீதி 65 சென்ட் கிடைக்கும். பணம் கட்டும் இடத்தில் அதைப் பற்றி அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

குவார்ட்டரைச் சேர்த்து வையுங்கள். நான்கிலும் உழைக்கிற நாணயம் அதுதான். காசு போட்டுத் துவைக்கும் சலவை நிலையத்தில் அதுதான் கேட்பார்கள். சாலையோர வாகன நிறுத்தக் கருவியிலும், டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்திலும் அதுதான். ஆல்டி கடையில் தள்ளுவண்டியை எடுக்க ஒரு குவார்ட்டரைச் செருக வேண்டும், வண்டியைத் திரும்ப விட்டதும் அந்தக் காசு வந்துவிடும். பல நகரப் பேருந்துகளில் பெட்டிக்குள் சரியான தொகையைப் போட வேண்டும், மீதி தரமாட்டார்கள். மாமாவுக்கு இது பொறுக்கவே இல்லை. நடத்துநர் இல்லாத பேருந்தைவிட, மீதி தராத பேருந்துதான் அவரை வருத்தியது. வங்கிக்குப் போய்ப் பத்து டாலர் கொடுத்தால் நாற்பது குவார்ட்டர்களைக் காகிதத்தில் சுற்றிய ஒரு சுருள் தருவார்கள். 'எ ரோல் ஆஃப் குவார்ட்டர்ஸ், ப்ளீஸ்' என்றால் போதும்.

எப்போதாவது கையில் வந்துசேரும் வேறு சில நாணயங்கள் உண்டு. கென்னடி முகம் போட்ட பெரிய அரை டாலர் 1964 முதல் இருக்கிறது, கடைகளில் அபூர்வம். மஞ்சள் நிற ஒரு டாலர் நாணயம் 2000இல் வந்தது. முன்பக்கம் குழந்தையை முதுகில் சுமந்த சகாஜவேயா என்ற பழங்குடிப் பெண். சில இயந்திரங்கள் மீதியாக அதைத் தரும். கவனம் வேண்டியது சூசன் பி. அந்தோணி என்ற பெண்ணுரிமைப் போராளியின் உருவம் பொறித்த, 1979இல் வந்த டாலர் நாணயம். நிறம் குவார்ட்டர் நிறம், விளிம்பில் வரி, அளவும் குவார்ட்டரைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் பெரியது. இந்நாட்டு மக்களே அதைக் குவார்ட்டரோடு குழப்பிக்கொண்டதால்தான் அது எடுபடவில்லை. நம் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த நாணயம் கிடைத்தால் இருபத்தைந்து சென்ட்டாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பஃபலோ, டெட்ராய்ட் போன்ற எல்லையோர ஊர்களில் கனடா நாணயமும் கலந்து வரும். அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவற்றில் மதிப்பு எண்ணால் இருக்கும், தலைப்பக்கம் பிரிட்டிஷ் அரசியோ அரசரோ இருப்பார். புதிய கனடா நாணயங்கள் எஃகினால் ஆனவை, குளிர்பதனப் பெட்டிக் காந்தத்தில் ஒட்டும். இப்போது புழங்கும் அமெரிக்க நாணயங்கள் ஒட்டாது. கனடாக் காசைச் சலவை இயந்திரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஊர் திரும்பும்போது

மிஞ்சிய நோட்டை ஊரில் மாற்றிக்கொள்ளலாம். நாணயத்தைப் பொதுவாக வாங்கமாட்டார்கள். விமான நிலையத்தில் அவசரமாக எதையாவது வாங்கித் தீர்க்கவும் வேண்டாம். அந்தச் சுருக்குப்பையைப் பிள்ளை வீட்டிலேயே, நீங்கள் தங்கும் அறையின் அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். மாமாவின் பை எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. முதல்முறை கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர் தனியே போய்ப் பால் வாங்கி வந்தார். 3.79க்கு மூன்று டாலர் நோட்டும், மூன்று குவார்ட்டரும், நான்கு பென்னியும் கொடுத்ததாகச் சொன்னார். பையை வெளியே எடுக்கவே இல்லையாம், கோட்டுப் பைக்குள் கைவிட்டு எடுத்தாராம்.

நம் நாட்டில் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. அமெரிக்காவில் புழக்கத்துக்கு அடித்த எந்தப் பழைய நாணயமும் அதில் பொறித்த மதிப்புக்கு இன்றும் செல்லும். இரண்டு ஆண்டு கழித்து நீங்கள் வந்தாலும், ஐந்து ஆண்டு கழித்து வந்தாலும், அலமாரியில் வைத்த பையிலிருந்து அப்படியே எடுத்துச் செலவழிக்கலாம்.